கல்லூரிக்கு விழுந்த பாடு

"அது ஒத்திகைதானேய்யா? அன்னிக்கே மைக்ல சொன்னோமே."

"ஒத்திகைன்னா இன்னா மேடம்?"

"நிஜம் இல்ல. நிஜம் மாதிரி. எங்க ஸ்டூடன்ட்ஸ் கத்துக்கணும்னு செஞ்சது."

"பானை நிஜந்தானே? கோயில் நிஜந்தானே? உள்ள கைய வுட்டவரு எங்க பூசாரி. அவரும் நிஜந்தான், நேத்துகூட டீக்கடையில பாத்தேன்."

"ஐயா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"அம்மன் எதிர்ல குலுக்கிட்டா வுழுந்தது வுழுந்ததுதான் மேடம். ஒத்திகைன்னு நீங்க மைக்ல எங்களுக்குச் சொன்னீங்க. அம்மனுக்கு யாரு சொன்னது?"

மேடம் செம்புத் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மூடியை நிதானமாகத் திருகினார்.

அவர் பெயர் ஜெஸ்ஸி. பொன்னேரியிலிருந்து மீஞ்சூர் போகும் பாதையில், ஒரு குளத்தின் மேல் இருக்கும் நாளைய பூமி மேலாண்மைக் கல்லூரியில் களப்பயிற்சிப் பேராசிரியை. குளத்தின் பக்கத்தில் அல்ல, மேலேயேதான். நுழைவாயிலில் 'தாமரைக்குளம் வளாகம்' என்று மூங்கிலில் எழுதி வைத்திருந்தார்கள். குளம் எங்கே என்று கேட்பவர்களிடம், அதன் நினைவாகத்தான் பெயர் வைத்திருக்கிறோம் என்று வாயிற்காவலர் பணிவோடு சொல்வார். அந்தக் கல்லூரியில் ஒரே ஒரு படிப்புதான். நிலைத்த வளர்ச்சியிலும் பசுமைப் பொருளாதாரத்திலும் எம்.பி.ஏ. பூமியைக் காப்பாற்றிக்கொண்டே லாபம் சம்பாதிப்பது எப்படி என்று இரண்டு வருஷம் சொல்லித் தருகிறார்கள். முதல் வருஷம் பூமி, இரண்டாம் வருஷம் லாபம்.

மேடத்துக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தவர் சிங்காரம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து, மகள் சுபஸ்ரீயின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ் மாறி வந்திருந்தார். உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தார். அது கிழிந்த மீன்வலைகளை உருக்கிச் செய்த நாற்காலி என்று மேடம் பெருமையோடு சொன்னதும் எழுந்துவிட்டார். யார் வீட்டு வலையோ. அதன் பிறகு எவ்வளவு சொல்லியும் உட்கார மனசு வரவில்லை.

பாடு என்றால் என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஏரி பெரிது. ஆனால் இறால் வரும் வழி குறுகல். முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும் கடல்தண்ணீர் எந்தெந்த இடத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிறதோ, அங்கே கழி நட்டு வலை கட்டினால்தான் இறால் விழும். அப்படிப்பட்ட இடம் கொஞ்சம், வலை ஏராளம். வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க முறை வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் எல்லாத் தலைக்கட்டுகளின், அதாவது தனிக் குடும்பங்களின், பெயரையும் சீட்டில் எழுதிப் பானையில் போட்டு, அம்மன் கோயில் வாசலில் பூசாரி எடுப்பார். எந்த வீட்டுக்கு எந்த நாட்கள் என்பது அதில் முடிவாகும். ஒருவருக்கு விழுந்த நாட்களில் அடுத்தவர் அந்தத் தண்ணீரில் கழியை ஊன்ற மாட்டார். போலீஸ் கிடையாது, கோர்ட்டு கிடையாது. ஊன்ற மாட்டார், அவ்வளவுதான். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர்.

நாளைய பூமியின் மாணவர்கள் இதைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்தார்கள். படித்ததை நேரில் பார்க்க வேண்டும், பார்த்ததில் பங்கேற்க வேண்டும், பங்கேற்றதைப் பற்றி எழுத வேண்டும் என்பது பாடத்திட்டம். ஆகவே குலுக்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே பஸ்ஸில் வந்து இறங்கி, அதை முன்னதாகவே ஒருமுறை நடத்திக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். முன்னதாகவே நடத்திவிடலாமா என்று கேட்பதாக ஊர்த் தலைவர் தினகரன் நினைத்துக்கொண்டார். விருந்தாளிகள் பாவம், அடுத்த வாரம் பஸ் கிடைக்காதோ என்னவோ.

"எங்கள் கல்லூரியின் பெயரிலும் ஒரு சீட்டு போட முடியுமா?" என்று கேட்டவர் இயக்குநர் பிரதாப். கதர் சட்டையும் ஓடுவதற்கான காலணியும் அணிந்த, அழகாகப் பேசும் மனிதர்.

தினகரன் தலையைச் சொறிந்தார். "தலைக்கட்டா இருக்கணுமே சார். கல்யாணம் ஆயிருக்கணும். தனி அடுப்பு வச்சிருக்கணும். கோயிலுக்கு எதுனா செஞ்சிருக்கணும்."

இயக்குநர் மைக்கை வாங்கினார். "நண்பர்களே! இந்தக் கல்லூரி இந்த ஏரியின் கையைப் பிடித்திருக்கிறது. இது ஒரு திருமணம். இன்பத்திலும் துன்பத்திலும் இனி எங்களுக்குப் பிரிவில்லை!"

மாணவர்கள் கை தட்டினார்கள். தினகரன் பக்கத்தில் நின்ற சிங்காரத்தின் காதில், "கண்ணாலம் ஆயிடுச்சாம்பா" என்றார்.

அடுப்பைப் பற்றிக் கேட்டபோது, கல்லூரி உணவகத்தில் மூன்று அடுப்புகள் இருப்பதாகவும் மூன்றும் சாண எரிவாயுவில் எரிவதாகவும் ஒரு மாணவி விவரமாகச் சொன்னாள். கோயிலுக்கு சூரிய விளக்கு ஒன்றை அன்று காலைதான் மாட்டியிருந்தார்கள். மறுக்க வழி இல்லை. சிங்காரம்கூட அப்போது தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைப் பிறகு அவர் மனைவி பச்சையம்மா பல நாள் சொல்லிக் காட்டினாள்.

பானை இறங்கியது. பூசாரி கண்ணை மூடிக் கையை விட்டார். முதல் சீட்டு நாளைய பூமிக்கு விழுந்தது. முதல் சீட்டு என்றால் தலைப்பாடு. முகத்துவாரம் திறந்து வெள்ளை இறால் ஏறி வரும் முதல் நாட்கள். மாணவர்கள் குதித்தார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். பூசாரி இயக்குநரின் நெற்றியில் குங்குமம் இட்டார். இயக்குநர் அதைக் கலாச்சார அனுபவமாக ஏற்றுக்கொண்டார்.

பாடுகள் முடிந்தபோது பானைக்குள் ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. அப்படி மிஞ்சியதே கிடையாது. தலைக்கட்டு எத்தனையோ, பாடு அத்தனை. இந்தத் தடவை தலைக்கட்டு ஒன்று கூடிப்போயிற்று. பூசாரி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, எழுத்துத் தெரியாதவர் போல நின்றார்.

"யாருது?" என்று தினகரன் கேட்டார்.

"சிங்காரத்துது."

பானை மறுபடி பரணில் ஏறிவிட்டது. ஒரு வருஷத்தில் இரண்டு தடவை அது இறங்காது.

போன வருஷம் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. ஊருக்கே இறால் இல்லை. இந்த வருஷம் பருவத்துக்கு முந்தின மழையே நன்றாகப் பெய்து வாய் திறந்திருந்தது. பாடு இல்லாமல் இந்த மழையையும் விட்டால், மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான். பச்சையம்மாவின் தம்பி ஏற்கெனவே மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தான். சிங்காரத்துக்கு மூட்டையைப் பற்றி பயமில்லை. ஆனால் ஒருமுறை கிடங்குக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்து வலை கட்டியதை அவர் பார்த்ததில்லை. 

ஊர்க் கூட்டத்தில் தினகரன் வழி ஒன்று சொன்னார். "பாடு வுழுந்தவரு அம்மனைப் பாத்து அவரு வாயால, வுட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். சொல்லிட்டா, பானையில மிச்சம் இருந்தவனுக்குப் போவும். வேற வழி இல்ல மச்சான். இன்னிக்கு உனக்காக ஒண்ணை மாத்துனா, நாளைக்கு எங்கப்பன் காலத்துக் குலுக்கலையெல்லாம் கெளறுவானுங்க. அப்பறம் ரத்தம்தான்."

"ஒரு வார்த்தைதானே?" என்றார் சிங்காரம். அவர் முகம் தெளிந்திருந்தது. படித்தவர்கள். வார்த்தைக்கு அவர்களிடம் என்ன பஞ்சம்?

அப்படித்தான் அவர் கல்லூரிக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க போய் வலை கட்டுங்க" என்றார் ஜெஸ்ஸி மேடம், நல்ல யோசனை தோன்றியவராக. "எங்கள்ல யாரும் வந்து தடுக்கப் போறதில்ல. எங்களுக்கு வலை கட்டவே தெரியாது."

"அது எப்படி மேடம்? பாடு உங்களுது."

"அதான் வேணாம்னு சொல்றோமே."

"எங்கிட்ட சொல்றீங்க. கோயில்ல வந்து சொல்லுங்க. சொல்லாம நான் எறங்குனா அது திருட்டு."

மேடம் அவரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு நேர்மையை எந்தப் பாடத்தின் கீழ் வைப்பது என்று யோசிப்பது போலிருந்தது அந்தப் பார்வை. கெட்ட மனுஷி இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தச் செலவில் ஷேர் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் வாசலில் நின்று, "விட்டுட்டேன்" என்று சொல்லவும் செய்தார்.

"நீ யாரும்மா?" என்று தினகரன் கனிவோடு கேட்டார். "சீட்டுல பிரதாப் சாரு பேரும் காலேஜி பேரும்தான் இருக்குது. அவரு சொல்லணும். வூட்ல இருக்கிற பொம்பள சொன்னா செல்லாது கண்ணு."

"நான் அவரோட வொய்ஃப் இல்லங்க."

"அப்ப சுத்தமா செல்லாது."

பச்சையம்மா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். போகும்போது மேடம் சொன்னார்: "புதன்கிழமை வாங்க ஐயா. டைரக்டர் இருப்பார். நீங்க ஸ்டேக்ஹோல்டர்னு பதிஞ்சிருக்கேன். நேரா உள்ள விட்டுடுவாங்க."

புதன்கிழமை அவர் கழுத்தில் பச்சை நாடாவில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். இயக்குநர் வரத் தாமதமாகும், அதுவரை வகுப்பில் இருக்கலாம் என்றார்கள். வகுப்பில் சுவர் முழுக்க மூன்று வட்டங்கள் வரைந்திருந்தது. மக்கள், பூமி, லாபம். சந்தியா என்ற மாணவி, கோயிலில் அடுப்புக் கணக்குச் சொன்ன அதே பெண், வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"நீங்க இங்க இருக்கீங்க அங்கிள். நடுவுல."

சிங்காரம் கிட்டப் போய்ப் பார்த்தார். "ரொம்ப நெருக்கமா கீதேம்மா."

பிறகு நாடகம் போலொன்று நடந்தது. ஏரிக்கரையில் ஒரு திட்டம் வருகிறது, எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும். ஆளுக்கொரு வேஷம். மீனவர் வேஷம் தீனா என்ற பையனுக்குப் போய்விட்டது. தலையில் துண்டு கட்டி, அவன் அழுத்தமாகத்தான் நடித்தான். மீதமிருந்தது முதலீட்டாளர் வேஷம். அதைச் சிங்காரத்துக்குக் கொடுத்தார்கள்.

"உங்க கிட்ட நெறைய பணம் இருக்கு அங்கிள்" என்று சந்தியா விளக்கினாள். "ஆனா மனசாட்சியும் இருக்கு. இவர் உங்ககிட்ட எதிர்பார்ப்போட வந்திருக்கார். என்ன சொல்லுவீங்க?"

சிங்காரம் தீனாவைப் பார்த்தார். துண்டு கட்டியிருந்த விதம் அவருக்கு உறுத்தியது. ஆனாலும் அந்த முகத்தில் ஏதோ கேட்பது போன்ற பாவனை இருந்தது. "அவன் பாட்டை அவனுக்கே குடுத்துடுங்க" என்றார்.

 மதிப்பெண் போடும்போது முதலீட்டாளர் நீண்ட காலப் பார்வை இல்லாதவர் என்று குறித்தார்கள். மீனவருக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். "நல்லாப் பண்ணினீங்க அங்கிள், ஃபர்ஸ்ட் டைம்தானே" என்று தீனா துண்டை அவிழ்த்துக்கொண்டே ஆறுதல் சொன்னான்.

மாலையில் இயக்குநர் வந்தார். அவர் அறையில் ஏ.சி. கிடையாது, காற்றோட்டத்துக்காக வடிவமைத்த ஜன்னல் ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் வெளியே ஜெனரேட்டர் ஓடும் சத்தம் வந்ததால் மூடியே வைத்திருந்தார்கள். சிங்காரம் கேட்க வந்ததைக் கேட்டார். ஒரு வார்த்தை. கோயிலுக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை.

இயக்குநர் அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் சிங்காரம், உங்கள் வலி எனக்குப் புரிகிறது. அதை நாங்கள் அளந்தும் இருக்கிறோம். ஆனால் ஒன்று யோசியுங்கள். இறால் பிடிப்பது பழைய பொருளாதாரம். இறாலைப் பிடிக்காமல் இருப்பது புதிய பொருளாதாரம். எங்கள் பாடு நாட்களில் ஒரு இறாலைக்கூட நாங்கள் தொடப் போவதில்லை. தொடாத அந்த இறாலுக்கு ஒரு மதிப்பு உண்டு. எங்கள் மாணவர்கள் அதை வரவாக மாற்றியிருக்கிறார்கள். எங்கோ தூரத்தில் ஒரு சாயத் தொழிற்சாலை அதை வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறது."

"இறாலையா சார்?"

"இல்லை. நாங்கள் பிடிக்காததை."

"அது எதுக்கு சார் அவங்களுக்கு?"

"அவர்கள் ஊர் ஆற்றில் மீன்கள் செத்துவிட்டன. இங்கே இறால் உயிரோடு இருப்பதால் அது சமனாகிவிடுகிறது."

சிங்காரம் இதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நம்ப இறாலு அந்த ஆத்துக்குப் போவுதா?"

"போகத் தேவையில்லை. அதுதான் இதன் அழகு."

"சார், நீங்க பிடிக்கலன்னா அது அங்கயே குந்திக்கினு இருக்காது. ஓடி அடுத்த பாடு வச்சிருக்கிறவன் வலையில வுழும்."

"அது அவருடைய கணக்கு. எங்கள் கணக்கு சுத்தமாக இருக்கிறது."

"அப்படின்னா வுட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்றதுல இன்னா சார் நஷ்டம்?"

இயக்குநரின் முகத்தில் முதன்முறையாக வருத்தம் தெரிந்தது. நிஜமான வருத்தம்தான். "இந்தக் கல்லூரி தொடங்கியதிலிருந்து எதையும் விட்டுக்கொடுத்ததாக வாயால் சொன்னதில்லை. தரவரிசை என்று ஒன்று இருக்கிறது. போன வருஷம் எங்களிடம் எல்லாம் இருந்தது, ஏரி மட்டும் இல்லை. இந்த வருஷம் ஏரி இருக்கிறது. அதோடு, இது என் சொத்தும் இல்லை பாருங்கள். எதிர்காலத் தலைமுறைக்காக வைத்திருக்கிறோம். இன்னும் பிறக்காத குழந்தைகள். அவர்களைக் கேட்காமல் நான் எப்படி விட முடியும்?"

பிறக்காத குழந்தைகளை எங்கே போய்க் கேட்பது என்று சிங்காரத்துக்குத் தெரியவில்லை. 

"நீங்கள் எதையும் இழக்கவில்லை" என்றார் இயக்குநர், எழுந்து நின்று. "நீங்கள் மாறுகிறீர்கள். மாற்றம் நியாயமாக நடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கொள்கை. பாடு தொடங்கும் நாள் மொத்த வகுப்பும் ஏரிக்கு வருகிறது. எங்கள் படகைத் தள்ளுகிற வேலை உங்களுக்குத்தான்."

பொன்னாடை ஒன்றும் அலையாத்திக் கன்று ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். கன்றை மடியில் வைத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் வந்தார். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் கேட்டார்.

"யோவ், இன்னாய்யா இது?" என்றாள் பச்சையம்மா வாசலிலேயே.

"செடி."

"இதுதானே நம்ப கழிமுகத்துல காடா நிக்கிது? இத வாங்கவா பொன்னேரிக்குப் போன? வார்த்தை வாங்கிக்கினு வாய்யான்னா தழைய வாங்கிக்கினு வந்துகிறான். நீ போய் நின்னா நின்ன எடத்துல தலையத் தலைய ஆட்டிக்கினு இருப்ப, எனக்குத் தெரியாதா? கோயில்ல ஆட்டுனவன்தானே."

"அவரு கையப் புடிச்சிக்கிட்டாருமே. கையப் புடிச்சிக்கினு பேசுற மனுசன்கிட்ட இன்னான்னு கத்துறது?"

"கைய வுடுறான்னு கத்து!"

சுபஸ்ரீ உள்ளேயிருந்து வந்து கன்றை வாங்கிப் போய் வேலி ஓரம் நட்டாள். "மாமா போன் பண்ணுச்சு நைனா. மேஸ்திரி கேக்குறாராம், வரியா இல்லியான்னு."

"மழை முடியட்டும்னு சொல்லு" என்றார் சிங்காரம்.

அவருக்கு இன்னொரு நம்பிக்கை இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. தலைக்கட்டாக இருப்பவர் ஊர்க் கடமையில் தவறினால் பாடு போய்விடும். அதில் பெரிய கடமை சாவு. ஊரில் யார் செத்தாலும் வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்க வேண்டும். வராத வீட்டின் பாட்டை ஊர் எடுத்து, பாடு இல்லாதவருக்குக் கொடுத்துவிடும். அந்த வாரம் கடைசித் தெருவில் கஸ்தூரியம்மாள் படுத்த படுக்கையாக இருந்தாள். சிங்காரத்துக்குப் பெரியம்மா முறை. அவர் தினமும் போய் இளநீர் கொடுத்துவிட்டு வந்தார். தன் மனசு என்ன நினைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடுமோ என்று முகத்தைப் பார்க்காமலே கொடுத்தார்.

அவள் அடுத்த வியாழக்கிழமை விடியலில் போய்ச் சேர்ந்தாள். முறைப்படி எல்லாத் தலைக்கட்டுக்கும் சொல்லி அனுப்பினார் தினகரன். நாளைய பூமிக்கு வாட்ஸாப்பில் சொன்னார்.

தூக்குகிற நேரம் நெருங்கியது. வீட்டுக்கு ஒருவர் வந்தாயிற்று. கல்லூரியிலிருந்து யாரும் இல்லை. சிங்காரம் ரோட்டைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக நின்றார். தினகரன் தொண்டையைச் செருமி, "சரி, தூக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தார்.

பஸ் வந்து நின்றது. ஒருவர் அல்ல, வகுப்பு முழுவதும் இறங்கியது. எல்லாரும் வெள்ளைச் சட்டை. 'சமூகத் துயரில் பங்கேற்றல்' என்று அன்றைய பாடத்தை மாற்றிவிட்டிருந்தார்கள். சந்தியா நிஜமாகவே அழுதாள். தீனா தோள் கொடுத்தான், நன்றாகவே தூக்கினான். சுடுகாட்டில் விறகு எவ்வளவு என்று விசாரித்து, எரிகிற விறகுக்கு ஈடாக அங்கேயே வரிசையாகக் கன்றுகள் நட்டார்கள். இயக்குநர் வரமுடியாததற்கு வருந்தி, இறந்தவர் வாழ்நாளில் பூமிக்கு மிகக் குறைவான சுமையையே கொடுத்தார் என்று செய்தி அனுப்பியிருந்தார். அதை ஜெஸ்ஸி மேடம் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்.

"இவ்ளோ பெரிய சாவு நம்ப ஊர்ல எடுத்ததேயில்ல" என்றார் தினகரன் திரும்பி வரும்போது.  "சொந்த மவன் சென்னையிலேர்ந்து வரல. காலேஜி வந்துச்சு பாரு. இதான்யா தலைக்கட்டு."

சிங்காரம் அன்று வீட்டுக்குப் போய் வலையை எடுத்து வாசலில் விரித்து, ஏற்கெனவே தைத்திருந்த இடத்தையே மறுபடி தைத்தார்.  பச்சையம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

வாடைக்காற்று ஆரம்பித்தது. முகத்துவாரத்தில் கடல்தண்ணீர் ஏறியது. தலைப்பாடு தொடங்கும் நாள் காலையில் வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. இறாலுக்கு அதைவிட நல்ல நாள் அமையாது.

நாளைய பூமி வந்து இறங்கியது. எல்லாரும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு படகுகளில் ஏறினார்கள். முதல் படகில் இயக்குநர், ஜெஸ்ஸி மேடம், சந்தியா, சாட்சிக்கு தினகரன். தள்ளுகோல் சிங்காரத்தின் கையில். முந்தின நாள் சாயங்காலமே அவர் தினகரனிடம் போய் நெடுநேரம் நின்று ஒன்று கேட்டு வாங்கியிருந்தார். சார் கோயிலுக்கு வர மாட்டார், வேலை அதிகம். தண்ணீரில் நின்று கோயிலைப் பார்த்துச் சொன்னாலும் செல்லும் என்று வைத்துக்கொள்ளலாமா? தினகரன் பூசாரியைக் கேட்டார். பூசாரி யோசித்து, அம்மனுக்குத் தண்ணீர் என்ன தரை என்ன என்றார். பச்சையம்மா வலையை மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து கரையில் நின்றாள். கூடவே நடுவதற்குக் கழிகள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை.

பாடு விழுந்த இடத்துக்கு வந்ததும் சிங்காரம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் படகின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டம் காலை இழுத்தது. பழகிய இழுப்பு. வழக்கமாக இந்த நேரத்தில் இரண்டாவது கழியை ஊன்றியிருப்பார்.

இயக்குநர் எழுந்து நின்றார். படகு ஆடியது. சிங்காரம் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

"மாணவர்களே! மனிதன் இந்த ஏரிக்கு எத்தனையோ தலைமுறையாக எடுத்துக்கொள்ள வந்தான். இன்று முதன்முறையாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக நாம் வந்திருக்கிறோம். ஒன்றும் செய்யாமல் இருப்பது எளிதல்ல. அதற்கு இரண்டு வருஷப் பயிற்சி வேண்டும், சரியான பஸ் வேண்டும், நிதி வேண்டும். உங்கள் பெற்றோர் அதற்காகத்தான் உங்களை இங்கே சேர்த்திருக்கிறார்கள். இப்போது நாம் மௌனமாக இருக்கப் போகிறோம். யாரும் பேசக் கூடாது, யாருக்கும் பதில் சொல்லக் கூடாது. கண்ணை மூடி, பிடிக்கப்படாத இறால்கள் நம்மைக் கடந்து போவதை உணருங்கள். இதற்கு மதிப்பெண் உண்டு."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். ஏரி முழுக்க ஆரஞ்சுச் சட்டைகள், மூடிய கண்கள். தினகரனும் மரியாதைக்காக மூடிக்கொண்டார். ஜெஸ்ஸி மேடம் மட்டும் ஒருகணம் திறந்து சிங்காரத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி இறுக்கி மூடினார்.

அப்போது வந்தது. முதலில் முழங்காலுக்குக் கீழே ஒன்று இடித்தது. பிறகு தொடையில் இரண்டு மூன்று. பிறகு கணக்கில்லாமல், வேட்டிக்குள்ளும் விரல்களுக்கிடையிலும், மணலை வாரி இறைத்தது போல மோதிக்கொண்டு, வழுக்கிக்கொண்டு, அவரைச் சுற்றிப் பிரிந்து, அவருக்குப் பின்னால் ஒன்றுசேர்ந்து போய்க்கொண்டேயிருந்தது. அவர் இவ்வளவு இறாலுக்கு நடுவில் வெறுங்கையோடு நின்றதில்லை. கை தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. விரித்து வைத்துக்கொண்டார்.

கரையில் பச்சையம்மா வலையைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் ஏந்திக்கொண்டாள்.

சிங்காரம் படகின் விளிம்போரமாக நகர்ந்து, இயக்குநரின் முகத்துக்கு நேராக வந்து நின்றார். அந்த முகம் மிக அமைதியாக இருந்தது. எழுப்பவே மனசு வராத முகம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார். கண்ணத் தொறக்க வேணாம் சார், அப்படியே இருங்க. கோயிலு உங்க வலது கைப் பக்கம் கீது, மொகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கினா போதும். தலைவரு பக்கத்துலயே குந்திக்கினுகிறாரு. என் பொஞ்சாதி வலையோட நிக்கிறா. ஒரே ஒரு வார்த்தை சார். வுட்டுட்டேன்னு சொல்லுங்க சார்."